பழைய டாக்கின் நிசப்தம்

லக்ஷ்மணனிடம் எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம். அவருடைய பழைய டாக்கைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. கம்ப்யூட்டரில் எண்களாகக் கிடக்கிற பாட்டைச் சத்தமாக மாற்றி, வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற பெட்டி அது. முப்பது வருஷத்துச் சரக்கு.

"புதுசெல்லாம் சுத்தமா இருக்கும், உயிர் இருக்காது. என் பெட்டியிலே பாட்டுக்குப் பின்னாலே ஒரு நிசப்தம் இருக்கே, அடாடா!" என்று ஸ்ரீரங்கத்திலிருந்து பாட்டுப்பெட்டிப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு பாட்டம் பேசித் தீர்ப்பார். அங்கே அவரோடு மல்லுக்கு நிற்பவர் நவநீதன், பொன்மலை ரயில்வே பட்டறைக்காரர், புது டாக் கட்சி. வாய்ச்சண்டை முற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தன் புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனுஷன் நேரிலேயே வந்துவிட்டார்.

லக்ஷ்மணனின் மனைவி மைதிலி காபி கொண்டுவந்து வைத்தாள். வால்வுகள் சூடானதும் லக்ஷ்மணன் பழைய டாக்கைச் சொருகி, பாட்டுப் போடாமலே வால்யூமை ஏற்றினார்.

"கேளும் ஓய். ஏதாவது வரதா? துளி இரைச்சல்?"

நவநீதன் முகத்தைச் சுளித்தார். "சார், விசில் அடிக்குதே."

"என்ன விசில்?"

"கீச்சுன்னு காதைக் குத்துது சார். உள்ள ஏதோ போயிருக்கு. உங்களுக்குக் கேக்கலையா?"

லக்ஷ்மணன் சிரித்துவிட்டார். தோற்கப் போகிறவன் முன்கூட்டியே சாக்குத் தேடுகிறான் என்று நினைத்தார். "மைதிலி, இங்கே வா. விசிலாம்! உனக்குக் கேக்கறதா சொல்லு."

மைதிலி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். லக்ஷ்மணனின் சிரிப்பு நின்றது.

"எப்போலேருந்து?"

"வைகுண்ட ஏகாதசிக்கு முன்னாடியேன்னா."

"சொல்லப்படாதா?"

"எப்படிச் சொல்றது? நிசப்தம், நிசப்தம்னு பூரிச்சுப் போறேளே."

நவநீதன் புதுப் பெட்டியை மாற்றிச் சொருகினார். "நின்னுருச்சு" என்றார். மைதிலியும் தலையை ஆட்டினாள். லக்ஷ்மணனுக்கு எதுவும் மாறவில்லை. பாட்டைப் போடச் சொன்னார். குரல் வந்தது, மிருதங்கம் வந்தது. தம்புராவைத் தேடித் தேடிப் பார்த்தார், இல்லை. குழுவில் பத்திபத்தியாக எழுதினாரே, அந்தத் தம்புராவெல்லாம் அவர் ஞாபகத்தில்தான் இருந்திருக்கிறது.

பாய்லர் தொழிற்சாலையில் தகடு அடிக்கிற இடத்தில்தான் அவருக்கு வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. காதடைப்பான் வையுங்கள் என்று அத்தனை பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். கேட்டாரா? தட்டின சத்தத்திலேயே வெல்டிங்கில் பிசகு கண்டுபிடிக்கிறவன் நான், காதை அடைத்துக்கொண்டால் என்னிடம் என்ன இருக்கிறது என்று மார்தட்டினார். அந்த இடிச்சத்தம் கீச்சென்ற, மெல்லிய சத்தங்களையெல்லாம் அவர் காதிலிருந்து தின்றிருக்கிறது. பாழாய்ப்போன பெருமை!

ஜெயித்த நவநீதனுக்கு முகமே செத்துவிட்டது. "பெட்டி இங்கயே இருக்கட்டும் சார். வெச்சுக் கேட்டுப் பாருங்க."

"எது இருந்தா எனக்கென்ன ஓய்? எடுத்துண்டு போம்."

காபியைக்கூடக் குடிக்காமல் நவநீதன் கிளம்பினார். லக்ஷ்மணன் பழக்க தோஷத்தில் பழைய டாக்கை மறுபடி சொருகிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீயாவது கேளு மைதிலி. உனக்குக் காது நன்னா இருக்கே. தம்புரா எப்படி வரது, ஜால்ரா எப்படி வரதுன்னு எனக்குச் சொல்லிண்டு இரு. அது போதும்."

மைதிலி நவநீதனின் காபியை எடுத்து மூடி வைத்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குப் பாட்டே பிடிக்காது. கல்யாணமான நாளா, உங்க பக்கத்துலே உக்காந்திருக்கணுமேன்னு உக்காந்திருந்தேன்."

"இத்தனை வருஷமாவா?"

"ஆமாம்."

"இந்த விசிலையும் கேட்டுண்டா?"

அவள் காதோரம் நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திக்கொண்டாள். விசில் இப்போதும் அடித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. எட்டி ஸ்விட்சை அணைத்தார்.

"நின்னுடுத்தா?" என்று கேட்டார்.

"நின்னுடுத்து" என்றாள்.

அதையும் அவள் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.