இரும்பில்லாத வீடு

பானுமதி தன் அண்ணன் பச்சியப்பனுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில் ஓர் இரும்பு ஆணிகூடக் கிடையாது. அப்படித்தான் அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தர்மபுரியில் கட்டட வடிவமைப்பு அலுவலகம் வைத்திருந்த அவளிடம் மரச்சட்ட வீடு வேண்டுமென்று யாரும் வந்ததில்லை. கான்கிரீட்டில் தார்சு போட்டால்தான் வீடு என்பார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த அண்ணன்தான், “என் காட்டுல கட்டு பாப்பா, உன் இஷ்டப்படி” என்றார். பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகே, சித்தேரி மலையைப் பார்த்த அவருடைய மரவள்ளிக் காட்டோரம் இடம். கல்லூரி விடுதியில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்த மனிதர் அவர். அந்த நம்பிக்கைக்கு ஈடாக ஒரு வீட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று நான்கு மாதம் வரைந்தாள்.

காட்டிலேயே வெட்டிய வேம்பு. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணிலேயே சுவர். மேற்கு வெயில் உள்ளே விழாதபடி தாழ்ந்த கூரை. தூணில் துளை, உத்தரத்தின் முனையில் அதற்குப் பொருந்தும் கழுந்து, இரண்டையும் கோக்க மர ஆணி. வேம்பு இன்னும் முழுக்கக் காயவில்லை. காயக் காயச் சுருங்கும். அதற்கு இடம் விட்டே ஒவ்வொரு பொருத்தையும் வரைந்திருந்தாள். பொம்மிடியிலிருந்து வந்த தச்சர் தங்கராஜ் அந்தப் படத்தை ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, சரியாக வரும் என்று சொன்னார். வந்தது.

கார்த்திகையில் கிரகப்பிரவேசம். சொந்தக்காரர்கள் அண்ணாந்து பார்த்து, இது எப்படி நிற்கிறது என்று கேட்டார்கள். “ஆணியே இல்லைங்க. மரத்த மரமே புடிச்சிருக்கு” என்றாள் பானுமதி. அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்துத் தலையாட்டினார். தங்கராஜ் மட்டும் தலை குனிந்துகொண்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தாள்.

சித்திரை வெயிலில் அண்ணி பழனியம்மாள் போன் செய்தாள். கூடத்து உத்தரம் வெடித்திருக்கிறது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் உன் அண்ணன், எனக்கு மனசு கேட்கவில்லை என்றாள்.

போய்ப் பார்த்தாள். நான்கு உத்தரங்களில் ஒரே மாதிரி, தூணைத் தொடும் முனையில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். தவறு எங்கே என்று பிடிபடவில்லை. பிடிபடாததனாலேயே பயம் வந்தது. “என் தப்புதாண்ணா, எங்கியோ வுட்டுட்டேன்” என்று அண்ணனிடம் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

அவர் அவள் தோளைத் தட்டினார். “பரவால்ல வுடு பாப்பா. யாருக்கும் வர்றதுதான்.”

மறுநாள் தங்கராஜை வரவழைத்தாள். பொருத்தைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிடலாம் என்று அவர் இழுத்தார். ஏணியில் ஏறவும் யோசித்தார். பானுமதியே உளியும் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டு ஏறினாள். ஒரு சாண் நீளம் வர வேண்டிய மர ஆணி இரண்டு விரல்கடையில் கையோடு வந்துவிட்டது. வெறும் மூடி. அதன் பின்னால் இரும்பு நட்டு மின்னியது. நேர் கீழே இருந்த ஆணியையும் பிடுங்கினாள்; அங்கும் ஒரு நட்டு.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மேலும் கீழுமாக இரண்டு போல்ட்டுகள் மரத்தைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. சுருங்கப் பார்த்த மரத்துக்கு வழியில்லை, வெடித்துவிட்டது.

“எத்தன எடத்துல?”

“எல்லாத்துலயுந்தான் மேடம். இருபத்தி நாலு பொருத்து.” தங்கராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அண்ணன்தான் போடச் சொன்னாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு நோவும், சொல்ல வேணாம்னாரு.”

ஏணியிலிருந்து இறங்கினாள். அண்ணன் வாசலில்தான் இருந்தார், எல்லாம் காதில் விழுந்திருந்தது.

“நல்லதுக்குத்தான் பாப்பா. காத்து மழையில எதாச்சும் ஆச்சுன்னா பேரு கெடறது உனக்குத்தான?”

அவர் நம்பாததைக்கூட அவளால் தாங்க முடியும் போலிருந்தது. பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்து விளக்கியிருப்பாள். தோளைத் தட்டிய கைதான் இப்போது சுட்டது.

“நேத்து நான் என் தப்புன்னு அழுதனே, அப்ப ஏண்ணா சும்மா இருந்த?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பானுமதி சண்டை போடவில்லை. போல்ட் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும் என்றாள். முட்டுக்கால் கொடுத்து, ஒவ்வொரு பொருத்தாகத் திறந்து, முழு நீள மர ஆணி அடிக்கப் பதினோரு நாள் பிடித்தது. வெடித்த உத்தரங்களில் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது; மற்ற மூன்றையும் ஒட்டுப்போட்டுத் தேற்றினார்கள். தங்கராஜ் ஆணிகளைச் செதுக்கித் தந்தார். அவள் ஒவ்வொரு ஆணியையும் கையில் வாங்கி அளந்துவிட்டே திருப்பிக் கொடுத்தாள். அது அவருக்கு வலித்தது தெரிந்தது. அளப்பதை நிறுத்தவில்லை.

கடைசி நாள் அண்ணி போட்ட களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினாள். அண்ணன் கூடத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப நிக்குமா பாப்பா?”

“நிக்கும்னு சொன்னா நம்புவியாண்ணா?”

அவர் தூணில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். பானுமதி படங்களைச் சுருட்டிப் பையில் வைத்து, அண்ணியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, நாலு மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.