வழுக்குகிற பந்து

இறந்துபோன அப்பாவின் இடது கையைச் சிகுசா அவர் மார்பின்மேல் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அதன்மேல் வலது கையைச் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் வலது கை சேரவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அகலப் பிரிந்து, பாதி வளைந்து, அப்படியே நின்றன. கட்டைவிரல் கீழேயிருந்து எதையோ தாங்குவதுபோல் மடங்கியிருந்தது. மாலையைச் சுற்றினால் நழுவியது. வெள்ளைத் துணியைப் போர்த்தினால் துணிக்கடியில் ஒரு நண்டு கிடப்பதுபோல் மேடு தட்டியது.

ஈமக்காரியம் பார்க்க வந்த நெமோதோ அம்மாள் வெந்நீரில் நனைத்த துண்டைச் சுற்றிப் பார்த்தாள். எண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாக நீவிப் பார்த்தாள். விரல்கள் மசியவில்லை.

"இது செத்தப்புறம் வந்த விறைப்பு இல்லீங்க. அது நேத்தே விட்டுப்போச்சு. உயிரோட இருக்கும்போதே இறுகின கை இது."

"பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆச்சு. எந்நேரமும் பந்தைப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. தூக்கத்துலகூட."

நெமோதோ அம்மாள் தலைமாட்டைப் பார்த்தாள். ஊதுபத்திக்கும், இறந்தவருக்குப் படைத்த, நடுவில் குச்சி குத்திய சோற்றுக் கிண்ணத்துக்கும் பக்கத்தில் ஒரு பேஸ்பால் பந்து இருந்தது.

"அதைக் கையிலயே குடுத்து அனுப்பிடலாம்னு தோணும். தகன நிலையத்துல விடமாட்டாங்க. தோலு, ரப்பரு, உலோகம் எதுவும் பெட்டிக்குள்ள இருக்கக் கூடாது. சூட்டுல வெடிச்சுதுன்னா எலும்பு சிதறிடும். அப்புறம் பொறுக்குறதுக்கு ஒண்ணும் ஒழுங்கா கிடைக்காது."

"அப்ப இதை என்னதான் செய்யறது?"

"யோசிச்சுப் பாருங்க. மூணு மணிக்குப் பெட்டியோட வர்றேன். இப்படியே வெச்சா, சாயந்திரம் பாக்க வர்றவங்களுக்கு அவரு எதையோ கேட்டுக் கை நீட்டுற மாதிரி தெரியும். அவ்வளவுதான் நான் சொல்லலாம்."

அவள் போனதும் சிகுசா பக்கத்து அறைக்கு வந்தாள். சித்தப்பா தொகுஜி ஒலியைக் குறைத்து வைத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் அது முன்னிரவு. விளக்கு வெள்ளத்தில் பச்சைப் புல். நடுவில், மண் மேட்டின்மேல், அவள் தம்பி ரேய்ஜி.

அப்பா ஹிரோசுகே முந்தாநாள் விடிகாலையில் போய்விட்டார். இன்று நல்ல நாள் இல்லை. இன்று எரித்தால் இறந்தவர் துணைக்கு ஆள் இழுப்பார் என்று தகன நிலையத்தையே மூடிவிடுவார்கள். அதனால் எரிப்பது நாளைக்கு. இது எதுவும் ரேய்ஜிக்குத் தெரியாது. இன்றைக்கு அவன் பந்துகள் அடி வாங்கினால் அவனைப் பெரிய அணியிலிருந்து கீழே இறக்கிவிடுவார்கள். முப்பத்துமூன்று வயதில் கீழே போனவன் மேலே வருவது நடக்காத காரியம். "அவன் எறிஞ்சு முடிக்கிற வரைக்கும் நீ வாயத் திறக்காத" என்று குழறிக் குழறி அப்பா சொன்னதுதான் கடைசியாகப் புரிந்த பேச்சு.

"பெத்த அப்பன் பக்கத்து ரூம்ல கெடக்கான், இவன் அங்க பந்து வீசுறான். ஊருல கேட்டா சிரிப்பாங்க," என்றார் சித்தப்பா.

"ஊருல யாரு கேட்டா? நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

"எனக்கென்ன வந்துச்சு. நம்ம பசங்களுக்கு அந்த ஊரு சரிப்படாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். இங்க வாரத்துக்கு ஒரு தடவை எறிஞ்சா போதும். அங்க நாலு நாள் விட்டா மறுபடி கையத் தூக்கணும். தோளு என்ன இரும்பா?"

"அங்க போயி ஜெயிச்சவங்களும் நம்மாளுங்கதான் சித்தப்பா."

"அவங்க வேற. இவன் உங்கப்பன் பெத்தவன்."

அப்பா சோயா சாஸ் ஆலையில் லாரி ஓட்டியவர். ஆலை அணியில் பந்தெறிந்தவர். மகனுக்கு அவர் கொடுத்த சொத்து ஃபோர்க் பந்து ஒன்றுதான். இரண்டு விரல்களையும் முடிந்தவரை அகட்டி, நடுவில் பந்தைச் செருகிக்கொள்ள வேண்டும். விடும்போது விரல்கள் இருபுறமும் ஒதுங்கிவிடுவதால் பந்து அதிகம் சுழலாது. சுழற்சிதான் பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிப்பது. அது குறைந்தால் பந்து நேராக வருவதுபோல் வந்து, மட்டைக்கு முன்னால் சடாரென்று கீழே விழும். மட்டை வெறுங்காற்றை வெட்டும். பந்து விழாமல் போனாலோ, மட்டையாளனுக்கு அதைவிடச் சுலபமான பந்து கிடையாது.

ஜப்பானில் விழுந்த பந்து அமெரிக்காவில் விழவில்லை. பந்து வழுக்குகிறது என்று ரேய்ஜி தொலைபேசியில் சொன்னான். அதில் பொய் இருப்பதாக யாருக்கும் தோன்றாது. அந்த ஊர்ப் பந்து ஒரு நூலளவு பெரியது. நம் பந்தின் தோலில் உள்ள பிசுக்கு அதில் இல்லை. அப்பா அந்த ஊர்ப் பந்து ஒன்றை வரவழைத்தார். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. காற்றின் ஈரத்தைக் கூட்டிப் பார்க்க அறையில் ஈரத் துண்டு தொங்கவிடச் சொன்னார், எடுக்கச் சொன்னார். தன் விரல்கள் பந்தைப் பிடித்த விதத்தைப் படமெடுத்து ரேய்ஜிக்கு அனுப்பச் சொன்னார். அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பல் மருத்துவரிடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்த சிகுசா தினமும் படமெடுத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் ரேய்ஜியிடமிருந்து கட்டைவிரல் உயர்த்திய சின்னப் பொம்மை ஒன்று வரும்.

பக்கவாதம் வந்ததும் பயிற்சி கொடுக்க வந்த பெண், உள்ளங்கையைப் பலகையில் விரித்துக் கட்டுங்கள், பந்தை அவரிடமிருந்து வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் கை அப்படியே இறுகிவிடும் என்றாள். அப்பா பலகையைத் தட்டிவிட்டார். தூக்கத்தில் பந்து உருண்டு விழும்போதெல்லாம் எடுத்து அந்த விரல்களுக்கிடையில் மறுபடி வைத்தவள் சிகுசாதான்.

தொலைக்காட்சியில், மூன்றாவது இன்னிங்ஸில் ரேய்ஜியின் பந்து விழ மறுத்தது. முதல் அடி மைதானச் சுவரில் மோதியது. அடுத்தது சுவரைத் தாண்டியது. அதற்கடுத்ததும் தாண்டியது. பயிற்சியாளர் மெதுவாக மேட்டுக்கு நடந்துவந்து கையை நீட்டினார். ரேய்ஜி பந்தை அவர் கையில் வைத்துவிட்டுக் குனிந்தபடி வெளியே நடந்தான்.

சித்தப்பா தொலைக்காட்சியை அணைத்தார்.

நண்பகல் தாண்டித் தொலைபேசி அடித்தது.

"அக்கா, அப்பா பாத்தாரா?"

"ரேய்ஜி, அப்பா முந்தாநாள் போயிட்டாரு."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. யாரோ ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரு கதவு மூடிக்கொண்டது.

"ஏன் சொல்லல?"

"நீ எறியற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னாரு."

"சொல்லியிருந்தா வந்திருப்பேன்."

"வந்து திரும்பிப் போறதுக்குள்ள உன் எடம் போயிருக்கும்."

"திரும்பிப் போயிருக்க மாட்டேன்கா. அப்பா சாவுக்கு வந்தவன் அப்படியே இருந்துட்டான்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அப்படி ஒண்ணு நடக்காதான்னுதான் இருந்தேன்."

"அப்பா சாவணும்னு இருந்தியா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"அதைத்தான்டா சொன்ன." அவள் குரல் உயரவில்லை. "கடைசி வரைக்கும் பந்தை உருட்டிக்கிட்டுக் கெடந்தாரு. ஏன் வழுக்குதுன்னு கண்டுபுடிச்சுடுவேன்னு."

"வழுக்கல."

"என்ன?"

"மொத ஒரு வாரம் வழுக்குச்சு. அப்புறம் பழகிருச்சு. இங்க வழுக்காம இருக்கச் சேறு தேச்சுத்தான் பந்தைக் குடுக்கறாங்க, எல்லாருக்கும் அதே பந்துதான். ஏன்டா விழ மாட்டேங்குதுன்னு அப்பா கேட்டாரு. தோளு போச்சு, அவனுங்க என்னைவிடக் கெட்டிக்காரனுங்கன்னு சொல்லவா? பந்து வழுக்குதுன்னேன். அவருக்கும் கைக்கு ஒரு வேலை ஆச்சு."

"வேலையா? எந்தக் கைக்குன்னு தெரியுமா உனக்கு?"



"கெளம்பி வர்றேன்," என்றான் ரேய்ஜி.

"நீ வர்றதுக்குள்ள எரிச்சு எலும்பும் பொறுக்கியிருப்போம்."

"ஒவ்வொரு எலும்பையும் ரெண்டு பேரு சேந்து குச்சியால புடிக்கணுமே. உன்கூட யாரு?"

"சித்தப்பா."

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் அப்பாவின் அறைக்குப் போனாள். தலைமாட்டிலிருந்த பந்தை எடுத்துத் துடைத்தாள். தையல் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, சிவப்புத் தையலில் முனையை நுழைத்து வெட்டினாள்.

"என்ன பண்ற? அண்ணன் அதை யாரையும் தொட விடமாட்டான்," என்றார் வாசலில் வந்து நின்ற சித்தப்பா.

"இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

தோல் இரண்டு துண்டாகக் கழன்றது. உள்ளே பசை தடவிய மெல்லிய நூல்; அதைச் சுரண்டிக் கழித்தாள். அதற்குள்ளே சாம்பல் நிறக் கம்பளி, அதற்குள்ளே வெள்ளைக் கம்பளி, மறுபடி சாம்பல் நிறம். சின்ன வயதில் ரேய்ஜி கிழித்துப் பார்த்த நம் ஊர்ப் பந்துக்குள்ளும் இதே கம்பளிதான் இருந்தது.

"கையை நீட்டுங்க சித்தப்பா."

அவர் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் நூலைப் பிரித்துப் பிரித்து அந்தக் கைகளில் மாட்டினாள். நூல் வந்துகொண்டே இருந்தது. அவருக்குத் தோள் வலித்திருக்கும். கைகளை இறக்கவில்லை. கடைசியில், தக்கையும் ரப்பரும் சேர்ந்த சின்ன உருண்டை ஒன்று பாயில் விழுந்தது. அதையும் தோலையும் குப்பைப் பையில் போட்டுக் கட்டினாள்.

பிறகு நூலை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். முதலில் இறுக்கிச் சுற்றினாள். முட்டை அளவுக்கே வந்தது. பிரித்துவிட்டு, நடுவில் காற்று இருக்கும்படி தளர்த்திச் சுற்றினாள். நடுநடுவே அப்பாவின் விரல்களுக்கிடையில் வைத்து அளவு பார்த்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு நெமோதோ அம்மாள் வந்து, குனிந்து, அந்தக் கையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"உள்ள என்னங்க?"

"கம்பளி மட்டும்தான்."

"மட்டும்தானா?"

"மட்டும்தான்."

தளர்த்திச் சுற்றிய கம்பளி உருண்டை பந்தின் அளவுக்கே இருந்தது. பிரிந்த இரண்டு விரல்களும் அதைப் பிடித்துக்கொண்டன. இந்த முறை இடது கையை மேலே வைத்தாள்; அது படிந்தது, மாலை நழுவவில்லை. தோல், ரப்பர், உலோகம் எதுவும் இல்லாததால் அது எலும்பைச் சிதறடிக்காமல் எரிந்துபோகும்.