செல்லச்சாமியின் பச்சைப் புள்ளி

தாணிப்பாறை அடிவாரத்துத் தகரக் கொட்டகையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த நாகஜோதி, மலையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பில் காலையிலிருந்து கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தாள். திரையில் சிவப்புப் புள்ளி ஓர் ஆண் யானை. அதன் கழுத்துப் பட்டையிலிருந்து மணிக்கொரு தரம் தகவல் வரும். பச்சைப் புள்ளிகள் ஆடி அமாவாசைக்கு மலையேறிய பக்தர்கள். யானைத் தடமும் மனிதத் தடமும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. அதற்காகத் தீப்பெட்டி அளவில் ஒரு ஜி.பி.எஸ். கருவியைக் கும்பலுக்கு ஒருவர் கழுத்தில் மாட்டி அனுப்பியிருந்தாள். தாயத்து என்று நினைத்தோ என்னவோ, சிலர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். டவர் கிடைத்தால் புள்ளி நகரும். கிடைக்காவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். 2009-ல் அதுவே பெரிய சங்கதி.

கொட்டகை வாசலில் இருளம்மாள் உட்கார்ந்திருந்தாள். எம். புதுப்பட்டிக்காரி. வெடிக் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்லச்சாமியின் மனைவி. போன பட்டாசு சீசனில் மகள் பாண்டிச்செல்விக்குத் தீக்காயம் பட்டு, பிழைத்து வந்ததற்கு நேர்த்திக்கடன் இருந்தது. இருளம்மாளுக்கு முதல் ஏற்றத்திலேயே இளைப்பு வந்துவிட்டதால் செல்லச்சாமி, கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கூட வேலை பார்க்கும் பாண்டியோடு மேலே போனார். அவர் எங்கே வருகிறார் என்று இருளம்மாள் அடிக்கடி கேட்டாள். நாகஜோதி திரையைத் திருப்பிக் காட்டினால் அதைப் பார்க்க மாட்டாள். நாகஜோதியின் முகத்தைப் பார்ப்பாள். அது நாகஜோதிக்குச் சங்கடமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் சிவப்புப் புள்ளி மூங்கில் காட்டுக் குறுக்குப் பாதையில் வந்து நின்றது. வனக்காவலர் சங்கரலிங்கம் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கமாக யாராவது இறங்குகிறார்களா என்று ஒரு நடை போய்ப் பார்த்து வரட்டுமா என்று கேட்டார். கடைசியாக இறங்க வேண்டியது செல்லச்சாமியும் பாண்டியும்தான். அவர்களுடைய பச்சைப் புள்ளி குறுக்குப் பாதை பிரியும் இடத்தைத் தாண்டி, பெரிய பாதையில் பத்திரமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்கன ஒருத்தரும் இல்லண்ணே. நீங்க உக்காருங்க," என்றாள் நாகஜோதி.

அவர் உட்கார்ந்துவிட்டார். படித்த பிள்ளை, கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்கிறாள், நம்பாமல் என்ன செய்வது. இருளம்மாளிடமும் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்துவிட்டார் என்று சொல்லியாயிற்று. அவள் குழாயடியில் முகம் கழுவி, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு நுழைவாயிலில் போய் நின்றாள். பச்சைப் புள்ளி ஓடையைக் கடந்தது, மாந்தோப்பைக் கடந்தது, நுழைவாயிலுக்கு வந்தது. நாகஜோதியும் சிரித்தபடி வெளியே வந்தாள்.

வந்தவன் பாண்டி. கருவி அவன் கழுத்தில் தொங்கியது. பின்னால் யாரும் இல்லை.

"அவுக எங்க?" என்றாள் இருளம்மாள்.

"இன்னும் வரலையா மதினி? குறுக்கால இறங்கிருதேன், உனக்கு முன்னால போயிருவேன்னுல்ல சொன்னாக."

நாகஜோதி கருவியைப் பிடித்துப் பார்த்தாள். அதன் பச்சை விளக்கு சமத்தாக மின்னிக்கொண்டிருந்தது. இது ஏன் உன்னிடம் வந்தது என்று கேட்டாள். பாண்டி இருளம்மாளைப் பார்த்தான், பிறகு சங்கரலிங்கத்தின் காக்கிச் சட்டையைப் பார்த்தான், அதன்பிறகுதான் வாயைத் திறந்தான்.

"யானை வந்தா வெரட்டலாம்னு அண்ணன் மடியில வெடி வச்சிருந்தாக மேடம். மருந்து இருக்கிற இடத்துல பேட்டரிச் சாமான் ஆகாதுன்னு ஏத்தத்துலயே களத்தி எங்கிட்ட குடுத்துட்டாக."

கம்பெனியில் செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் வெடிமருந்து ரூமுக்குள் கால் வைப்பார்கள். அந்தப் பழக்கம் காட்டுக்குள்ளும் அவரை விடவில்லை. வெடி இருப்பது இருளம்மாளுக்கும் தெரியும். ஃபாரஸ்ட்காரர்கள் கேஸ் போட்டுவிடுவார்கள் என்று பயந்து அவளும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள். அங்கே ஒருவரும் இல்லை என்று சொன்னது நாகஜோதியின் வாய்தான். சங்கரலிங்கம் கம்பை எடுத்துக்கொண்டு மலையைப் பார்த்து ஓடினார். பாண்டியும் பின்னாலேயே ஓடினான்.

அவர்கள் ஓடையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். மூங்கில் காட்டுப் பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் வந்தது. தொடர்ந்து யானையின் பிளிறல். பேருந்துக்கு நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் சிவகாசிப் பக்கத்து ஆட்கள். எல்லோரும் சொல்லி வைத்தாற்போலப் பேச்சை நிறுத்தினார்கள்.

"அவுக வெடிதான்," என்றாள் இருளம்மாள். "இன்னும் மடியில இருக்கு. அடுத்ததையும் போடுவாக, பாருங்க."

நாகஜோதி அவள் தோளைத் தொடப் போனாள். பேசாதே என்பதுபோல இருளம்மாள் தலையை அசைத்தாள். மலையிலிருந்து இரண்டாவது சத்தம் வரவில்லை. அவள் ஒரு கையால் மறு கையின் கண்ணாடி வளையல்களைச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காதை மலைப்பக்கம் கொடுத்து நின்றாள்.