சக்கர நாற்காலிக்கான வழி

காலை ஒன்பது மணிக்கெல்லாம் கணவர், மனைவி, மகள் மூவரும் கேளிக்கைப் பூங்காவின் வாசலில் நின்றார்கள். கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். ஒரு வாரமாக உட்கார்ந்து எழுதிய அட்டவணை அவர் சட்டைப் பையில் இருந்தது. எந்தச் சவாரி எத்தனை மணிக்கு, நடுவில் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் என்று எல்லாமே அதில் உண்டு. வரிசை என்ற ஒன்றைத்தான் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

பதினொன்றரை வரை அவர்கள் ஏறியது ஒரே ஒரு குடை ராட்டினம். பன்னிரண்டு வயது மகள் அதில் முழங்கால் மோவாயில் இடிக்கச் சுற்றிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு வேண்டியது உயரத் தண்டவாளத்தில் ஏறிச் சரியும் மலை ரயில். மூன்று வருடமாக அப்பா கூட்டிப் போவதாகச் சொல்லி, மூன்று வருடமும் கடைசி நேரத்தில் அவருடைய விடுப்பு ரத்தாகியிருந்தது. இப்போது மலை ரயில் வரிசையின் கடைசியில் ஒரு பலகை: ‘இங்கிருந்து இரண்டரை மணி நேரம்.’

“இன்னிக்கும் ஏறலைன்னா, நீ சொல்ற எதையும் நான் நம்ப மாட்டேன்ப்பா” என்றாள் மகள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

அப்போதுதான் அவர் பக்கத்திலிருந்த சின்னக் கதவைப் பார்த்தார். ஒரு சக்கர நாற்காலியும் கூட வந்தவர்களும் அதன் வழியாக நேராக உள்ளே போனார்கள்.

“வாசல்ல வாடகைக்கு நாற்காலி வெச்சிருக்கான். யாரும் எதுவும் கேக்கறதில்ல” என்று மனைவியின் பக்கம் திரும்பினார். “உனக்குத்தான் போன வருஷம் முட்டியில ஆபரேஷன் ஆச்சே.”

“அது ஆறி எட்டு மாசம் ஆகுதுங்க. செருப்புக் கடையில காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் யாரு நிக்கிறா, நீங்களா?”

“அதைத்தான் சொல்றேன். வருஷம் பூரா நிக்கிற. ஒரு நாள் உக்காரேன்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. சிரித்த பிறகு, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மகளின் முகம் வேறு எதிரே இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு உலகமே கொஞ்சம் இடம் மாறிவிட்டது. கூட்டம் தானாக விலகியது. ஊழியர்கள் அவள் தலைக்கு மேலாகக் கணவரிடம், “இவங்க தண்ணி குடிப்பாங்களா?” என்று கேட்டார்கள். கடையில் குனிந்து குனிந்து பிறர் காலைப் பார்த்துப் பழகியவளுக்கு, இப்போது எல்லோரும் தன் காலைப் பார்ப்பது கூசியது. மகள், “அம்மா, கால ஆட்டாதம்மா” என்று காதில் சொன்னாள்.

பக்கத்துக் கதவிலும் காத்திருக்க வேண்டும் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. ஒரு ரயிலுக்கு ஒரு நாற்காலிக்காரர்தான். மேலே வண்டி நின்றால் தூக்கி இறக்க இரண்டு ஆட்கள்தான் உண்டாம். இவர்களுக்கு முன்னால் இன்னொரு குடும்பம் இருந்தது. சக்கர நாற்காலியில் ஒரு பெண், அவள் கணவர், ஒரு மகள். அடுத்த ரயில் அவர்களுடையது. இவர்களுக்கு அதற்கடுத்தது, இருபத்தைந்து நிமிடத்தில்.

அந்தப் பெண் கழுத்தை மெதுவாகத் திருப்பினாள். “உங்களுக்கு எத்தனை நாளா?”

“ரெ... ரெண்டு மாசமா.”

“எனக்கு அஞ்சு வருஷம். இனிமே கழுத்தும் நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஒரு தடவ இவளோட மேல போய் ஏரியப் பாத்துடணும்” என்று தன் மகளைக் காட்டினாள்.

நேரக் காப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இவளால ரொம்ப நேரம் உக்கார முடியாதுங்க. இடுப்பு வலி” என்றார் பொதுவாக.

மனைவி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்போ நீங்க முதல்ல போங்க” என்றாள் அந்தப் பெண். “புதுசுல எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியும்.”

மேலேறும்போது மகள் கையை உயர்த்தி ஆர்ப்பரித்தாள். உச்சியிலிருந்து ஏரி வெள்ளித் தட்டாகத் தெரிந்தது. அதைத் தாண்டிச் சற்று இறங்கியதும் ரயில் ஒரு குலுக்கலோடு நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. பின்பெட்டியில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. கால் மணி நேரம் கழித்து, குறுகலான இரும்புப் படியில் கித்தான் தூளியோடு இரண்டு ஊழியர்கள் ஏறி வந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூச்சு வாங்கியது.

“நாற்காலியில வந்தவங்க யாரு? உங்களத்தான் முதல்ல இறக்கணும். அதுவரைக்கும் மத்தவங்க யாரும் படியில கால் வைக்கக் கூடாது.”

“பேசாம உக்காந்துக்கோ” என்று கணவர் கிசுகிசுத்தார். “அஞ்சு நிமிஷ வேலை.”

பெரியவர் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் முன் மண்டியிட்டார். “பயப்படாதீங்கம்மா. போன மாசம் உங்கள விட ரெண்டு மடங்கு ஆளையே இறக்கிட்டோம்.”

கடையில் அவள் பிறர் முன் மண்டியிடுவதைப் போலவே இருந்தது அது. தொண்ணூறு படி. இந்த மனிதர் அவளைச் சுமந்துகொண்டு இறங்க வேண்டும். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

“என்னால நடக்க முடியும். அந்தக் குழந்தைய முதல்ல இறக்குங்க.”

இளைய ஊழியர், “இதுக்கா இவ்வளவு படி ஏறினோம்?” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியவர் தூளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தையிடம் போனார்.

கீழே வரிசையை மறித்துக் கயிறு கட்டியாகிவிட்டது. இன்று இனி மலை ரயில் ஓடாது. அந்தப் பெண் இன்னும் அங்கேயே இருந்தாள். இவள் படியிறங்கி வருவதை முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை பார்த்தாள்.

“நாளைக்கு...” என்று இவள் தொடங்கினாள்.

“சாயங்காலம் ஊருக்குக் கிளம்புறோம்” என்றாள் அந்தப் பெண். பிறகு, “இடுப்பு வலி இல்லல்ல?”

“இல்ல.”

“இல்லாம இருந்தா சரி” என்றாள். அவள் கணவர் நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார்.

காலி நாற்காலியை ஒப்படைக்க மூவரும் வாசலுக்கு நடந்தார்கள். கணவர்தான் முதலில் பேசினார். “அவங்க ஏறியிருந்தா அவங்கதான் மேல மாட்டியிருப்பாங்க. ஒரு வகையில நல்லதுதான்.”

“ஏரியப் பாத்திருப்பாங்க. தூக்கி இறக்கவும் ஆள் வந்துச்சு. அவங்களுக்காகத்தான் அந்த ஆள வெச்சிருக்காங்க, எனக்காக இல்ல.”

மகள் அதுவரை தரையைப் பார்த்தே நடந்து வந்தாள். “அவங்க பொண்ணு என்கிட்ட, உங்கம்மாவுக்கு எப்படி ஆச்சுன்னு கேட்டா” என்றாள். “மாடியிலேர்ந்து விழுந்துட்டாங்கன்னு சொன்னேன். அவ அழுதாம்மா.”

“அப்படிச் சொல்லுன்னு நாங்க சொல்லலையே?” என்றார் அப்பா.

“நானாத்தான் சொன்னேன். ஈஸியா வந்துச்சு.”

அவர் நடையை நிறுத்திவிட்டார். மூன்று வருடக் கடனைத் தீர்க்க வந்த மனிதர் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி தணிந்த குரலில்தான் சொன்னாள். “நீங்க கேட்டீங்க, நான் உக்காந்தேன். தப்பு ரெண்டு பேருதும்தான். அந்தக் கதவு காத்திருக்க முடியாதவங்களுக்கு வெச்சது. காத்திருக்க மனசில்லாத நாம அதுல புகுந்தா, வேற யாரோ ஒருத்தர் வெளிய நிக்க வேண்டியிருக்கு. அது கெட்டிக்காரத்தனம் இல்லைங்க, திருட்டு. அதையும் பொண்ணு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ல்ல கத்துக் குடுத்திருக்கோம்.”