எண்பது தப்படி வடகிழக்கே

முனீருக்குப் பறவை பார்க்கத் தெரியும் என்பதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. மறுக்க முடியாததுதான் என் வயிற்றெரிச்சலே. திண்டுக்கல் தோல் மண்டி ஒன்றுக்கு ஆட்டுத்தோல் வாங்க ஊர் ஊராகச் சைக்கிளில் போகிறவன் அவன். நான் தாலுகா ஆபீஸில் நில வரைபடம் வரைகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து குளத்துக்கரைகளில் அலைவோம். பார்த்ததை மெட்ராஸிலிருந்து வரும் பறவை மாத இதழுக்குத் தனித்தனியே எழுதி அனுப்புவோம். ஆறு வருஷத்தில் அவன் பெயர் பதினொரு தடவை அச்சாகியிருந்தது. சுருளிவேல் என்ற என் பெயர் ஒரே தடவை, அதுவும் இனிஷியல் தப்பாக.

1961 ஆடியில், டீக்கடையில் வைத்து ஒரு கார்டை நீட்டினான். இதழாசிரியர் எழுதியது. முனீர் கானமயில் முட்டையைக் கண்டிருக்கிறானாம், முதல் பக்கத்தில் போடுகிறார்களாம். கானமயில் என்பது மயில் இல்லை, புல்தரிசில் திரியும் பெரிய பறவை; அதைப் பார்ப்பதே அபூர்வம். வெறுந்தரையில் வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். வேட்டைக்காரர்களுக்குத் தெரியாதபடி 'மதுரை மாவட்டம்' என்று மட்டும் எழுதியதற்கு அவனுக்குப் பாராட்டு வேறு.

"எங்கடா பார்த்தே? எனக்குமா சொல்ல மாட்டே?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. யாருக்கும் சொல்றதில்லன்னு இருக்கேன். குஞ்சு பொரிக்கட்டும், மொதல்ல உங்களத்தான் கூட்டிட்டுப் போவேன்."

யாருக்கும் என்பதில் என்னையும் சேர்த்துவிட்டானே! பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

அவன் தோல் வாங்குவது எரியோட்டுப் பக்கம். அந்த ஊர்களின் வரைபடங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மூன்று நாள் லீவு போட்டேன். ஆடு மேய்கிற தரிசில் புல் முழங்கால் உயரம் நிற்காது. ஒரு தரிசில் மட்டும் நின்றது. பக்கத்தில் ஆடு மேய்த்த பேச்சாயியிடம் அங்கே ஏன் ஓட்டவில்லை என்று கேட்டேன்.

"தோல்காரத் தம்பி ஒரு மாசத்துக்கு அங்கிட்டு ஓட்டாதே ஆத்தான்னு சொல்லிருக்குய்யா."

முட்டை இருந்தது. தாய் எழுந்து எட்டப் போய் நின்று என்னையே பார்த்தது. எத்தனையோ வருஷ ஆசை கண்முன்னே நிற்கிறது. நானோ, இதை நான் பார்த்தேன் என்றால் யார் நம்புவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாத இதழுக்கு எழுதினால் இடத்தை வெட்டிவிடுவார்கள். அதனால் ஒரு தினசரிக்கு எழுதினேன். எல்லை சொல்லாத நிலத்தை எங்கள் ஆபீஸில் ஒருவரும் நம்புவதில்லை. ஊர், சர்வே நம்பர், ஒற்றைப் புளியமரத்திலிருந்து வடகிழக்கே எண்பது தப்படி, எல்லாம் எழுதினேன். ஞாயிறன்று சரியான இனிஷியலோடு என் பெயர் வந்தது. மறுநாள் தாசில்தாரே கூப்பிட்டுக் கைகுலுக்கினார். முனீரின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

புதன்கிழமை அவன் பேச்சாயியைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தான். அவள்தான் பேசினாள்.

"ஜீப்புல நாலு பேரு வந்தாகய்யா. கையில பேப்பரு. புளியமரத்துல இருந்து ஒண்ணு ரெண்டுன்னு தப்படி எண்ணிக்கிட்டே போனாக. தாயச் சுட்டுப்புட்டு முட்டையப் பஞ்சுல வச்சுக் கொண்டு போயிட்டாக."

முனீர் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "வாரேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

அடுத்த மாத இதழில் அவன் எழுதியிருந்தது நாலே வரி. இடம் வெளியே தெரிந்ததால் தாயும் முட்டையும் போயின, தெரியப்படுத்தியவர் பறவைமேல் பிரியம் உள்ளவர்தான், அவர் பெயர் வேண்டாம்.

படித்ததும் கூனிக் குறுகிப்போனேன். அப்போதும், இப்படி ஒரு வரி எழுத இவனுக்கு மட்டும் எப்படி மனசு வருகிறது என்று எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.