முந்நூறு மில்லிமீற்றர்

பன்னிரண்டாம் மைல்கட்டை வரைக்கும் புழுதி. அதைத் தாண்டியதும் மாயாண்டியின் சைக்கிள் சேற்றில் புதைந்தது. விடிய முன்னரே புறப்பட்டு, கடற்கரைப் பக்கமிருந்த நிவாரண அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவன் சாட்சிக்கு உரப்பையில் கட்டிவந்த கருகிய நெற்பயிர் மழையில் ஊறிப்போயிருந்தது. வரட்சிப் பட்டியலில் பெயர் ஏறினால்தான் அடுத்த மாரிக்கு விதைநெல் கிடைக்கும். இல்லாவிட்டால் இரண்டு ஏக்கரும் தரிசுதான்.

வரிசையில் அவனுக்கு முன்னால் முள்ளிவாய்க்கால் புனிதமலர் நின்றாள். வாடைக்காற்றும் மழையும் இருபத்தாறு நாளாய் வள்ளத்தைக் கடலில் இறக்கவிடவில்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அவள் வெள்ள நிவாரணம் கேட்டு வந்திருந்தாள்.

அலுவலர் பரமேஸ்வரன் பதிவேட்டைப் புரட்டினார்.

"வெள்ளம் எண்டு எழுதேலாது அக்கா. காலநிலை வழமையாத்தான் இருக்கு."

"என்ன கதை கதைக்கிறியள்? அடுப்புக்கு மேலால தண்ணி ஓடுது!"

"கடற்கரை மழைமானியில ஐந்நூற்றறுபது மில்லிமீற்றர். உள்பக்கத்து மானியில நாற்பது. கூட்டி இரண்டால பிரிச்சா முந்நூறு. கார்த்திகைக்கு அது சரி."

மாயாண்டி முன்னால் வந்தான். "அந்த நாப்பது எங்க பக்கமுங்க ஐயா. மேகமெல்லாம் கடக்கரையிலயே கொட்டித் தீர்த்துட்டு, வெறுங்காத்துதான் எங்ககிட்ட வருது. வரட்சின்னு எழுதுங்க."

"உங்களுக்கும் அதே முந்நூறுதான். மாவட்டத்துக்கு ஒரு இலக்கம். மேலயிருந்து வந்த விதி."

"இவங்க வீட்டுல நிக்கிற தண்ணியவா எங்க வயல்ல சேக்கிறீங்க?"



 முன்பு மாயாண்டி வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் மழை வந்தால் வேலையைப் பாதியில் நிறுத்தி அரைப்பேர் போடுவார்கள், அரைநாள் கூலிதான். அந்த மழையில் அவன் நனையவாவது செய்தான். இங்கே பெய்யாத மழையை அல்லவா அவன் தலையில் கட்டுகிறார்கள்!

"எங்கட வெள்ளத்தை உங்கட வரட்சி குடிச்சிட்டுதாம், தம்பி," என்ற புனிதமலர், நனைந்த விண்ணப்பத்தை மேசையில் ஓங்கி அடித்தாள். மை கலங்கி அவள் பெயரே தெரியவில்லை.

மணி எட்டரை. பியோன் குடையுடன் முற்றத்தில் இறங்கினான். மழைமானித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"முப்பத்திரண்டு, சேர்!"

பரமேஸ்வரன் குறித்துக்கொண்டார். அதில் பதினாறு மாயாண்டியின் வயலில் பெய்துவிட்டது. பியோன் குழாயைக் கவிழ்த்து, தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டு உள்ளே போனான்.