அக்கா அனுப்பிய லிங்க்

"காலமானார்" என்பதை அடித்துவிட்டு "மறைந்தார்" என்று எழுதினான் தம்பிக்காரன். பிறகு அதையும் அடித்தான். முன்னறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். பதினோரு மணிக்குள் வாசகம் வந்து சேராவிட்டால் நாளைய பேப்பரில் அறிவிப்பு வராது என்று விளம்பரப் பிரிவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இப்போதே மணி பத்தரை.

"ஊர்ல பாதிப் பேர் உங்கக்கா தைச்சத போட்டவங்க. பேப்பர்ல வந்தாதான் அவங்களுக்குத் தெரியும், மச்சான்" என்றார் அத்தான். முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் ஸ்பானர் பிடித்தவர். பேனாவைக் கண்டால் வியர்த்துவிடும். "நீதான் எழுத்தாளராச்சே. நாலு வரி போட்டுக் குடு."

எழுத்தாளர்! நாற்பத்தாறு வயதில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. இருபது வருஷமாக ஒரு நாவல் எழுதப்போகிறான், முதல் வரிதான் அமைந்தபாடில்லை. அதைப் போய் ஒருநாள் அக்காவிடம் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், துணி தைத்து, சட்டைக்குக் காஜா எடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இணையத்தைத் துழாவினாள். தினமும் காலையில் ஒரு லிங்க் வந்து விழும். முப்பது நாளில் நாவல். கதைப் போட்டி, நாளையே கடைசி. எழுத்து ஓடாதவர்களுக்குப் பத்து யோசனைகள். ஒருமுறை எழுத்தாளர்களுக்கு முதுகுவலி வராத நாற்காலி. ஒவ்வொன்றின் கீழும் "இதப் பாருடா" என்று ஒரு வரி.

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தான்.

"எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு. உன் வேலைதான் நகரல" என்றாள்.

அன்றோடு அவள் செய்திகளுக்குச் சத்தம் வராதபடி அமுக்கி வைத்துவிட்டான். நேரில் பார்க்கும்போது "பாத்தியா?" என்பாள். "பாத்தேன்" என்பான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மூன்று வாரமும் இதே கேள்வி, இதே பொய்.

அக்கா மகள் எட்டிப் பார்த்தாள். "மாமா, போட்டோவும் வேணுமாம். மிஷின் முன்னாடி உக்காந்து எடுத்தத அம்மா உங்களுக்குத்தானே அனுப்புனாங்க? முடிஞ்சுதா, இல்லையா?"

"ஆளாளுக்கு உசுர வாங்காதீங்க!" என்று கத்திவிட்டு போனை எடுத்தான்.

படிக்காத செய்திகள் இருநூற்றுப் பன்னிரண்டு. கடைசிச் செய்தி போன செவ்வாய்க்கிழமை வந்திருந்தது. லிங்கின் தலைப்பு: "இரங்கல் அறிவிப்பு எழுதுவது எப்படி? எளிய மாதிரிகள்."

கீழே இந்த முறை ஒரு வரியோடு அவள் நிற்கவில்லை.

"நீ ஒண்ணும் படிக்கறதில்லன்னு எனக்குத் தெரியும். இத மட்டும் படி. அத்தானுக்கு எழுத வராது, உங்கிட்டதான் வருவார். நீ மொத வரியிலயே நிப்ப. இதுல மொத வரி அவனே போட்டுக் குடுத்திருக்கான். பேர மாத்தினா போதும். மூணாவது மாதிரி நல்லா இருக்கு."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன திமிர்! சாவுக்குக்கூட லிங்க் அனுப்புவாளா ஒருத்தி? அளவெடுத்துத் துணி வெட்டுகிற மாதிரி இதையும் முன்கூட்டியே வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கோபத்தில் உதடு கோணி, கோபம் அழுகையாகி, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். அந்தச் சட்டையும் அவள் தைத்ததுதான்.

லிங்கைத் திறந்தான். மூன்றாவது மாதிரி நன்றாகத்தான் இருந்தது. பேரை மாற்றினான். கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தான்: "வருகிறவர்கள் அவர் தைத்துக் கொடுத்ததை உடுத்தி வரவும்." இதை அடிக்கவில்லை. மேலே தேடிப் போட்டோவை எடுத்து, இரண்டையும் சேர்த்து அனுப்பும்போது மணி பத்து ஐம்பத்திரண்டு.

பிறகு அக்காவின் செய்திக்குத் திரும்பி, "பாத்துட்டேன்" என்று அடித்து அனுப்பினான்.

முன்னறையில் அவள் தலைமாட்டுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த போன் சத்தம் போட்டது.

"மச்சான்" என்று அத்தானின் குரல் வந்தது. "உங்கக்காவுக்கு யாரோ மெசேஜ் போட்டிருக்காங்க. பாவம், விஷயம் தெரியாது போல. யாருன்னு பாத்து நீயே சொல்லிடு."